மார்ஜரி வாரன்

மார்ஜரி வாரன் (அக்டோபர் 28, 1897 - செப்டம்பர் 5, 1960) இங்கிலாந்தைச் சேர்ந்த பெண் மருத்துவர் ஆவார். முதியோர் மருத்துவத்தைத் தனித் துறையாக நிலைநாட்டிய முன்னோடிகளுள் முதன்மையானவர். இவரைப் பிரித்தானிய முதியோர் மருத்துவத்தின் தாய் என்று அழைப்பதுண்டு. இலண்டன் மாநகரின் மேற்குப் புறநகரான ஐசல்வர்த்தில் அமைந்த மேற்கு மிடில்செக்சு மருத்துவமனையில் பணியாற்றினார். தீராத நோயினர் என முத்திரை குத்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே விடப்பட்டிருந்த முதியவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்து, அவர்களுள் பலரை எழுந்து நடக்கவும் இல்லம் திரும்பவும் செய்தார். முதுமை என்பது நோய் அன்று என்பதும், முதியவரைச் சோதித்து அறியாமல் படுக்கையில் கிடத்துவது அவருக்குத் தீங்கு விளைவிக்கும் என்பதும் இவரது பணியின் அடிப்படைக் கருத்துகளாகும். இன்று உலகெங்கும் முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் பின்பற்றப்படும் பராமரிப்பு நெறிகள் பலவற்றுக்கு இவரது முறைகளே தொடக்கமாக அமைந்தன.

பிறப்பும் கல்வியும்

மார்ஜரி வாரன் 1897 ஆம் ஆண்டு அக்டோபர் 28 ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை வால்டர் சார்லசு வாரன் வழக்கறிஞர். ஐந்து பெண் மக்களுள் மார்ஜரியே மூத்தவர். பெண் கல்விக்குப் பெயர்பெற்ற வடக்கு இலண்டன் காலேஜியேட் பள்ளியில் பயின்றபின், பெண்களுக்கான இலண்டன் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1923 ஆம் ஆண்டில் மருத்துவராகத் தகுதி பெற்றார்.

1874 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இம்மருத்துவப் பள்ளிக்குச் சென்னையோடும் தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1870களில் பயின்ற முதற் பெண்களுள் ஒருவரும், திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனை தோன்றக் காரணமாக இருந்தவருமான மேரி சார்லீப் இப்பள்ளியில் மேற்படிப்பு முடித்துப் பின்னர் இங்கேயே ஆசிரியராகவும் விளங்கினார். ஆண் மருத்துவர்கள் நிறைந்த பெரிய மருத்துவமனைகளில் பெண்களுக்கு உயர் பதவிகள் எளிதில் கிட்டாத காலம் அது. எனவே பெண் மருத்துவர்கள் பலர் நகராட்சி மருத்துவமனைகளிலும், பிறர் விரும்பாத பிரிவுகளிலும் பணியேற்றனர். வாரனின் வாழ்க்கையும் அவ்வழியிலேயே சென்றது.

1926 ஆம் ஆண்டில் ஐசல்வர்த்தில் துணை மருத்துவ அலுவலராகச் சேர்ந்தார். தொடக்கத்தில் அறுவை மருத்துவத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்தார். 1931 ஆம் ஆண்டில் மேற்கு மிடில்செக்சு மருத்துவமனையின் துணை மருத்துவ இயக்குநராக உயர்ந்தார். தம் வாழ்நாள் முழுவதும் இம்மருத்துவமனையிலேயே பணியாற்றினார்.

வறியோர் இல்லங்களும் முதியோரும்

வாரனின் பணியைப் புரிந்துகொள்ள அக்கால இங்கிலாந்தின் வறியோர் சட்டத்தை அறிதல் வேண்டும். 1834 ஆம் ஆண்டின் வறியோர் சட்டத் திருத்தத்தின்படி, பல ஊர்கள் இணைந்த ஒன்றியம் ஒவ்வொன்றிலும் வறியோர் இல்லம் அமைக்கப்பட்டது. உழைக்கும் வலுவுள்ளோர் சோம்பியிருந்து உதவி பெறக்கூடாது என்பது சட்டத்தின் நோக்கம். அதனால் இல்லத்தின் உள்ளே கிடைக்கும் வாழ்வு, வெளியே உள்ள மிக ஏழையான உழைப்பாளியின் வாழ்வைக் காட்டிலும் தாழ்ந்ததாக இருக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஆண்களும் பெண்களும் தனித்தனியே பிரித்து வைக்கப்பட்டனர். சீருடையும் அளந்து இடப்படும் உணவும் வழக்கமாயின.

நாளடைவில் வலுவுள்ளோர் இவ்வில்லங்களைத் தவிர்த்தனர். வேறு போக்கிடம் இல்லாத முதியோர், நோயாளர், அனாதைகள், மனநலம் குன்றியோர் ஆகியோரே அங்கு மிஞ்சினர். சோம்பேறிகளை அச்சுறுத்துவதற்காக வகுக்கப்பட்ட கடுமை இவ்வாறு முதியோர் தலையில் விழுந்தது. 1909 ஆம் ஆண்டு முதல் எழுபது வயதினருக்கு ஓய்வூதியம் வழங்கப்பட்டதால் உடல்நலத்துடன் இருந்த முதியோர் சிலர் வெளியே வாழ முடிந்தது. நோயுற்ற முதியோர் இல்லங்களை ஒட்டிய நோயாளர் விடுதிகளிலேயே தங்கினர்.

நன்கொடையால் இயங்கிய பெரிய மருத்துவமனைகள் விரைவில் குணமாகக்கூடிய நோயாளிகளையே விரும்பி ஏற்றன. பக்கவாதம், முடக்குவாதம், இடுப்பு எலும்பு முறிவு முதலியவற்றால் படுத்த முதியோரை அவை ஏற்கத் தயங்கின. இதனால் மருத்துவ அறிவு வளர்ந்த இடங்களுக்கும் முதியோர் கிடந்த இடங்களுக்கும் இடையே பெரும் இடைவெளி உண்டாயிற்று. 1929 ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி வறியோர் காப்பு வாரியங்கள் ஒழிக்கப்பட்டு, 1930 ஆம் ஆண்டில் அவற்றின் இல்லங்கள் மாவட்ட மன்றங்களின் பொறுப்பில் வந்தன. நிர்வாகம் மாறியபோதும் கூடங்களில் படுத்திருந்தோரின் நிலை உடனே மாறவில்லை.

1935: மருத்துவமனையோடு இணைந்த நோயாளர் விடுதி

மேற்கு மிடில்செக்சு மருத்துவமனையை அடுத்துப் பிரென்ட்போர்டு ஒன்றியத்தின் பழைய வறியோர் இல்லம் இருந்தது. 1935 ஆம் ஆண்டில் அவ்வில்லத்தின் நோயாளர் விடுதி மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது. அங்கிருந்த நாட்பட்ட நோயாளிகள் 714 பேரைக் கவனிக்கும் பொறுப்பு வாரனிடம் ஒப்படைக்கப்பட்டது. எவரும் விரும்பி ஏற்காத பணியாகவே அது அக்காலத்தில் கருதப்பட்டது.

அங்கே அவர் கண்ட நிலை பின்வருமாறு இருந்தது. பலவகை நோயாளிகள் ஒரே கூடத்தில் கலந்து கிடந்தனர். முதியோரும் இளையோரும், தெளிந்த மனத்தினரும் மனக்குழப்பம் உற்றோரும் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தனர். நோய் இன்னதென்று முறையாகக் கண்டறியப்படாமலேயே பலர் பல ஆண்டுகளாகப் படுத்திருந்தனர். கூடங்கள் வெளிச்சம் குறைந்தும் மங்கிய நிறம் பூசப்பட்டும் காணப்பட்டன. கட்டிலை விட்டு எழுந்து அமர நாற்காலிகளோ, நடந்து பழகக் கைப்பிடிகளோ போதுமான அளவில் இல்லை. செவிலியர் எண்ணிக்கை குறைவு. உணவூட்டுவதும் துடைத்துப் படுக்க வைப்பதுமே அவர்களின் பணியாக இருந்தது. ஊக்கமோ மாற்றமோ இன்றி முதியோர் நாளைக் கழித்தனர்.

வாரன் முதலில் செய்தது மிக எளிய செயல். ஒவ்வொரு நோயாளியையும், அப்போதுதான் மருத்துவமனைக்கு வந்தவரைப் போலவே, முழுமையாகப் பரிசோதித்தார். அவர் எப்போது வந்தார், ஏன் படுத்தார், என்ன நோய், எதைத் தாமே செய்துகொள்ள இயலும், குடும்பத்தார் உளரா, திரும்பிச் செல்ல வீடு உண்டா என்பன போன்றவற்றைக் குறித்துக்கொண்டார். இவ்வாறு சோதித்தபோது, பலர் படுத்திருப்பதற்கு மருத்துவக் காரணம் ஏதும் இல்லை என்பது வெளிப்பட்டது. சிலருக்குக் குணப்படுத்தக்கூடிய நோய் இருந்தும் மருத்துவம் அளிக்கப்படவில்லை. இன்னும் சிலர் மருத்துவமனையில் இருக்கவேண்டியவர்களே அல்லர். தங்க ஓர் இடமும் சிறிது துணையும் இருந்தால் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

மருத்துவம் தேவைப்பட்டோர் உரிய பிரிவுகளுக்கு மாற்றப்பட்டனர். தங்கும் இடம் மட்டும் தேவைப்பட்டோர் குடியிருப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். நடக்கப் பயிற்றப்பட்ட பலர் தத்தம் வீடுகளுக்குத் திரும்பினர். சில ஆண்டுகளில் நாட்பட்ட நோயாளிகளுக்கான படுக்கைகள் ஏறத்தாழ 240 ஆகக் குறைந்தன. குறைந்த படுக்கைகளைக் கொண்டே முன்னைவிட மிகுதியான முதியோருக்கு மருத்துவம் அளிக்க முடிந்தது.

படுக்கையால் விளையும் கேடுகள்

முதியவரைப் பாதுகாப்பாக வைத்திருக்கப் படுக்கையே தக்க இடம் என்பது அக்காலத்துப் பொதுவான எண்ணம். எழுந்தால் விழுந்துவிடுவார் என்ற அச்சமே இதற்குக் காரணம். வாரனின் கூடங்கள் இவ்வெண்ணம் தவறானது என்பதைக் காட்டின.

படுத்தே கிடக்கும் முதியவரின் தசைகள் விரைவில் மெலிகின்றன. மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடுகின்றன. எலும்பும் தோலும் அழுந்தும் இடுப்பு, குதிகால் முதலிய இடங்களில் படுக்கைப் புண் உண்டாகிறது. கால் நாளங்களில் குருதி உறைகிறது. நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கி அழற்சி ஏற்படுகிறது. மலச்சிக்கலும், சிறுநீரை அடக்க இயலாமையும் தொடர்கின்றன. பகலும் இரவும் ஒன்றுபோல் கழிவதால் மனக்குழப்பம் மிகுகிறது. பிறகு இக்கேடுகள் அனைத்தும் முதுமையின் இயல்பு என்று எழுதி வைக்கப்படுகின்றன. அவற்றுள் பெரும்பகுதி முதுமையால் வந்தது அன்று, பராமரித்த முறையால் வந்தது என்பதை வாரன் எடுத்துக்காட்டினார்.

இக்கருத்தை வேறு சிலரும் வலியுறுத்தினர். இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு ஆசர் 1947 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் படுக்கை ஓய்வின் தீமைகளை உறுப்புவாரியாக விளக்கிக் கட்டுரை எழுதினார். எசெக்சு மாவட்டத்தின் ஆர்செட்டு மருத்துவமனையில் இலயனல் கோசின் என்னும் அறுவை மருத்துவர், இடுப்பு எலும்பு முறிந்த முதியோருக்கு அறுவை செய்து விரைவில் நடக்க வைத்தார்.

நோயாளிகளை வகைப்படுத்தல்

ஒருவருக்கு எத்தகைய பராமரிப்பு வேண்டும் என்பதை அவரது வயதோ வறுமையோ முடிவு செய்யக்கூடாது, அவரது உடல், மன நிலையே முடிவு செய்யவேண்டும் என்று வாரன் கருதினார். 1946 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் நாட்பட்ட முதிய நோயாளிகளை ஐந்து வகையினராகப் பிரித்தார்.

முதல் வகையினர் படுக்கையை விட்டு எழுந்து நடமாடக்கூடியவர்கள். இரண்டாம் வகையினர் படுக்கையில் இருந்தாலும் சிறுநீர், மலம் ஆகியவற்றை அடக்கக்கூடியவர்கள். மூன்றாம் வகையினர் அவ்வாறு அடக்க இயலாதவர்கள். நான்காம் வகையினர் மனக்குழப்பம் உடையவராயினும் அமைதியாக இருப்பவர்கள். ஐந்தாம் வகையினர் முதுமை மறதி நோயால் பிறருக்கு இடையூறு நேரும் நிலையில் உள்ளவர்கள். இவர்களைத் தனியே வைத்துக் கவனிக்கவேண்டும் என்று வாரன் எழுதினார்.

இவ்வகைப்பாடு நிலையானது அன்று என்பது குறிப்பிடத்தக்கது. மூன்றாம் வகையில் இருந்த ஒருவர் முறையான பயிற்சியால் முதல் வகைக்கு உயரலாம். யார் எவ்வகையில் உள்ளார் என்பதை அறிந்தால்தான் எத்தனை செவிலியர், எவ்வகைக் கட்டில், எத்தகைய கழிப்பிடம் வேண்டும் என்று திட்டமிட முடியும். அனைவரையும் ஒரே கூடத்தில் கலந்து வைத்தால், எளிதில் தேறக்கூடியவரும் கவனிப்பின்றித் தாழ்ந்துபோவர் என்பது அவர் கண்ட உண்மை.

மறதி நோயாளரைத் தனிமைப்படுத்தும் கருத்து இன்று அப்படியே ஏற்கப்படுவதில்லை. 1990களில் உளவியலாளர் தாம் கிட்வுட் முதலியோர், மறதி நோயுற்றவரின் ஆளுமையையும் உணர்வுகளையும் மதிக்கும் பராமரிப்பை வலியுறுத்தினர். எனினும் அவர்களையும் ஆராய்ந்து தனிக் கவனிப்பு அளிக்கவேண்டும் என்று கேட்டதில் வாரன் தம் காலத்தை விஞ்சி நின்றார்.

கூடங்களில் செய்த மாற்றங்கள்

வாரன் தம் பொறுப்பில் இருந்த கூடங்களின் தோற்றத்தை மாற்றினார். சுவர்களுக்கு வெளிர்நிறம் பூசப்பட்டது. விளக்கொளி கூட்டப்பட்டது. வண்ணப் போர்வைகள் வந்தன. நோயாளி தம் பொருள்களை வைத்துக்கொள்ளக் கட்டிலருகே சிறு அலமாரியும், வானொலி கேட்கச் செவிக்கருவியும் அமைக்கப்பட்டன. எழுந்து அமர ஏற்ற நாற்காலிகள், பிடித்து நடக்கக் கைப்பிடிகள், நடைத்துணைக் கருவிகள் ஆகியவை தரப்பட்டன. பகலில் சொந்த உடை உடுத்தி அமர்ந்திருப்பது நோயாளியின் மனநிலையை உயர்த்துவதோடு, தாம் இன்னும் தேறக்கூடியவர் என்னும் நம்பிக்கையையும் அளித்தது.

இவற்றினும் இன்றியமையாதது பணியாளர் அமைப்பு ஆகும். மருத்துவர், செவிலியர், இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரு குழுவாகக் கூடி ஒவ்வொரு நோயாளிக்கும் திட்டம் வகுக்கும் முறையை அவர் வளர்த்தார். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தோரை விரைவில் எழுப்பி அமர்த்தி நடக்கப் பழக்குதல், கால் நீக்கப்பட்ட முதியோருக்குச் செயற்கைக் கால் பொருத்திப் பயிற்றுதல் ஆகியவற்றில் தனிக் கவனம் செலுத்தினார். முதியவருக்குக் கால் நீக்கப்பட்டால் அத்துடன் வாழ்வு முடிந்தது என்ற எண்ணத்தை இப்பயிற்சிகள் மாற்றின.

நோயாளியை எழுப்புவதற்கு அவரைப் படுக்கையில் விடுவதைக் காட்டிலும் மிகுதியான ஆள்வலிமையும் பொறுமையும் வேண்டும். முதியவருக்குச் சட்டை அணிவித்துவிடுவது எளிது. அவரே அணிந்துகொள்ளும்வரை அருகில் காத்திருப்பது கடினம். இக்காத்திருப்பையும் பராமரிப்பின் பகுதியாகக் கருதவேண்டும் என்பதே வாரன் தம் செவிலியருக்கு அளித்த பயிற்சியின் சாரமாகும்.

எழுத்துகள்

வாரன் முதியோர் பராமரிப்பைப் பற்றி இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதினார். அவற்றுள் இரண்டு பெரிதும் பேசப்படுகின்றன. முதலாவது, நாட்பட்ட நோயாளிகளைப் பொது மருத்துவமனையின் தனிப் பிரிவுகளில் வைத்து மருத்துவம் அளிக்கவேண்டும் என்று வாதிட்டு 1943 ஆம் ஆண்டு டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. இரண்டாவது, மேற்கூறிய வகைப்பாட்டைக் கொண்டு 1946 ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளிவந்தது.

முதியோர் மருத்துவம் தனித் துறையாக ஏற்கப்படவேண்டும், முதியோர் பிரிவு ஊருக்கு ஒதுக்குப்புறமாக அன்றிப் பொது மருத்துவமனைக்குள்ளேயே இருக்கவேண்டும், மருத்துவ மாணவர்களும் செவிலிய மாணவியரும் அப்பிரிவில் பயிற்சி பெறவேண்டும் என்பன அவர் முன்வைத்த கோரிக்கைகள். பொது மருத்துவமனைக்குள் இருந்தால்தான் நோயறியும் கருவிகளும் பிற துறை மருத்துவர்களும் முதியவருக்குக் கிட்டுவர். பலரும் வந்துபோகும் இடத்தில் இருந்தால்தான் குறைகள் மறைந்திருக்க மாட்டா.

துறையின் தோற்றம்

முதியோர் மருத்துவத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1909 ஆம் ஆண்டில் ஆக்கியவர் அமெரிக்க மருத்துவர் இக்னாசு நாசர் ஆவார். சொல் பிறந்தபோதும் மருத்துவமனைகளில் துறை பிறக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது, குண்டுவீச்சில் காயமுறுவோருக்காகப் படுக்கைகளை ஒழிக்கும் பொருட்டு இங்கிலாந்தின் மருத்துவமனைகளிலிருந்து முதியோர் பலர் அகற்றப்பட்டனர். அப்போதுதான் அவர்களின் அவல நிலை மருத்துவர் பலரின் கண்ணில் பட்டது. ஐசல்வர்த்தில் வாரன் பெற்ற வெற்றி அவர்களுக்கு வழிகாட்டியாக அமைந்தது.

1947 ஆம் ஆண்டில் டிரவர் ஓவல் என்னும் மருத்துவரின் முயற்சியால் முதியோர் பராமரிப்புக்கான மருத்துவச் சங்கம் தோன்றியது. ஆம்யுல்ரீ பிரபு அதன் தலைவரானார். வாரன் அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவர். 1959 ஆம் ஆண்டில் அது பிரித்தானிய முதியோர் மருத்துவச் சங்கம் எனப் பெயர் மாறியது. 1948 ஆம் ஆண்டில் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கப்பட்டபோது முதியோர் மருத்துவம் அதன் துறைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. வெளிநாட்டு மருத்துவர் பலர் ஐசல்வர்த்துக்கு வந்து வாரனின் கூடங்களைப் பார்த்துச் சென்றனர்.

இறப்பு

1960 ஆம் ஆண்டில் செருமனியில் நடைபெறவிருந்த கூட்டம் ஒன்றில் கலந்துகொள்ளச் செல்லும் வழியில் மார்ஜரி வாரன் மகிழுந்து விபத்தில் சிக்கிப் படுகாயமுற்றார். செப்டம்பர் 5 ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 62.

வாரனுக்குப் பின்

வாரனின் முறைகள் மருத்துவமனைகளில் பரவிய அளவுக்கு முதியோர் இல்லங்களில் பரவவில்லை. சமூகவியலாளர் பீட்டர் டவுன்செண்டு இங்கிலாந்து, வேல்சு நாடுகளின் முதியோர் இல்லங்களை ஆராய்ந்து 1962 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், பழைய வறியோர் இல்லக் கட்டடங்களில் முதியோர் இன்னும் தனிமையிலும் செயலற்ற நிலையிலும் வாழ்வதைக் காட்டியது. 1967 ஆம் ஆண்டில் பார்பரா இராப் தொகுத்த நூல், மனநல மருத்துவமனைகளின் நெடுநாள் கூடங்களில் முதியோர் இழிவாக நடத்தப்பட்டதை வெளிக்கொணர்ந்தது. நல்ல முறை ஒன்று கண்டறியப்பட்டால் மட்டும் போதாது, அது பின்பற்றப்படுகிறதா என்பதைக் கண்காணிக்கும் ஏற்பாடும் வேண்டும் என்பதை இந்நூல்கள் உணர்த்தின.

வாரன் தொடங்கிய முழுமையான பரிசோதனை முறை, பின்னாளில் விரிவான முதியோர் மதிப்பீடு என்னும் பெயரில் வளர்ந்தது. 1993 ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியான தொகுப்பாய்வு, இத்தகைய மதிப்பீட்டோடு தொடர்கவனிப்பும் அளிக்கும் திட்டங்கள் முதியோரின் உயிர்வாழ்வையும் செயல்திறனையும் மேம்படுத்துகின்றன என்று கண்டது.

தமிழ்நாட்டில்

இங்கிலாந்தின் வறியோர் இல்லங்களோடு ஒப்பிடத்தக்க அமைப்பு சென்னையிலும் இருந்தது. 1782 ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது வடசென்னையில் மணியக்காரர் ஒருவரால் கஞ்சித்தொட்டி அமைக்கப்பட்டதாகக் கூறுவர். அதுவே மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. ஆதரவற்றோர் அங்குத் தங்கினர். அதையொட்டி 1799 ஆம் ஆண்டில் தோன்றிய நோயாளர் விடுதி வளர்ந்து இசுடான்லி மருத்துவமனை ஆயிற்று. 1938 ஆம் ஆண்டில் அங்கு மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. மக்கள் நெடுங்காலம் அதனைக் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்றே அழைத்தனர். ஐசல்வர்த்தில் இல்லமும் மருத்துவமனையும் ஒன்றிணைந்தன. சென்னையிலோ மருத்துவமனை வளர்ந்து பிரிந்தது, சத்திரம் முதியோருக்கு அடைக்கலமாகத் தனியே நின்றது.

பிரித்தானியாவில் இத்துறைப் பயிற்சி பெற்ற மருத்துவர் வ. செ. நடராசன் 1978 ஆம் ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இத்தகைய பிரிவு இதுவே முதலாவது. 1996 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் பட்ட மேற்படிப்பு தொடங்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டில் கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. பொது மருத்துவமனைக்குள் முதியோர் பிரிவு, அங்கு மாணவர்களுக்குப் பயிற்சி என்று வாரன் கேட்ட இரண்டும் இவ்வாறு தமிழகத்தில் நிறைவேறத் தொடங்கின.

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் அறுபது வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 விழுக்காட்டினர். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007 ஆம் ஆண்டில் நடுவண் அரசால் இயற்றப்பட்டது. மாவட்டந்தோறும் வறிய முதியோர் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க இல்லம் அமைப்பது பற்றியும், அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குப் படுக்கையும் தனி வரிசையும் அமைப்பது பற்றியும் இச்சட்டம் கூறுகிறது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2009 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன.

வாரன் பணியாற்றிய ஐசல்வர்த்து இலண்டனின் மேற்குப் புறநகர் ஆனதுபோல, சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவையும் முதியோர் பராமரிப்பில் புதிய தேவைகளை எதிர்கொள்கின்றன. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் தொடங்கப்பட்டபோது இளைஞராக வேலைக்கு வந்தோர் இன்று எண்பது வயதைக் கடந்துவிட்டனர். பிள்ளைகள் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழ்வதால் தனித்து வாழும் பெற்றோரும் உளர். அறக்கட்டளைகளும் தனியாரும் நடத்தும் முதியோர் இல்லங்கள் இப்பகுதிகளில் உள்ளன. கட்டணம் பெறுவனவும் இலவசமாகச் சேர்த்துக்கொள்வனவும் அவற்றுள் அடங்கும்.

இத்தகைய இல்லம் ஒன்றை மதிப்பிட வாரனின் முறை இன்றும் பயன்படுகிறது. சேரும் முதியவரை மருத்துவர் முழுமையாகச் சோதிக்கிறாரா, படுத்திருப்போருள் எத்தனை பேர் மருத்துவக் காரணத்தால் படுத்துள்ளனர், புரள இயலாதவரை முறைவைத்துப் புரட்டிவிட இரவிலும் ஆள் உண்டா, படுக்கைப் புண் பற்றிய குறிப்பேடு உண்டா, கழிப்பறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் உள்ளனவா, உறவினர் வேண்டும்போது வந்து பார்க்க இயலுமா என்பன கேட்டறியத்தக்கவை. கட்டடத்தின் பொலிவைக் காட்டிலும் இவற்றுக்குக் கிடைக்கும் விடைகளே பராமரிப்பின் தரத்தைக் காட்டுவன. ஆதரவற்ற முதியோர் தங்கும் இலவச இல்லங்களில் கேள்வி கேட்க உறவினரும் இரார் என்பதால், அங்கு வெளியார் மேற்பார்வை மேலும் இன்றியமையாதது ஆகிறது.

நினைவு

பிரித்தானிய முதியோர் மருத்துவச் சங்கம் இத்துறையில் வாழ்நாள் பணி புரிந்தோருக்கு மார்ஜரி வாரன் பெயரில் விருது வழங்கிவருகிறது. புதிய மருந்து எதனையும் அவர் கண்டறியவில்லை. அறுவைக் கருவி எதனையும் ஆக்கவில்லை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிடப்பட்ட 714 பேரை மீண்டும் நோயாளிகளாகக் கருதிச் சோதித்ததே அவரது பெருஞ்செயலாக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுள்ளது.